ஒரு நாளைக்கு நாலு சொட்டு

— வண்டி கிளம்ப இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு. பின்னாடி அத்தனை சீட்டும் காலியாக் கிடக்கு. என் பக்கத்துல வந்து எதுக்கு நிக்கறீங்க சிஸ்டர்?

— உங்ககிட்டப் பேசத்தான் டிரைவரம்மா. மூணு மாசத்துக்கு மேல உங்களைத் தேடிட்டு இருக்கேன்.

— தேடறீங்களா? நல்ல கதையா இருக்கே! தினமும் காலையில ஏழே முக்காலுக்கு என் வண்டியிலதானே ஏறி ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கறீங்க.

— பஸ்ல நீங்க டிரைவர். என் ரிஜிஸ்டர்ல நீங்க காணாமப் போன ஆளு. பத்தாவது வாரம் ஒரே ஒரு தடவை வந்தீங்க, பேர் பதிஞ்சீங்க, எடை பாத்தீங்க. அதோட சரி. இப்ப இருபத்தஞ்சு வாரம் இருக்குமா?

— இருபத்தாறு. எட்டு வருஷம் காத்துக் கிடந்து வந்த பிள்ளை. எண்ண மாட்டேனா?

— எண்ணத் தெரியுது. செக்கப்புக்கு வரத்தான் தெரியலை.

— எதுக்கு வரணும்? ஆள் நல்லாத்தானே இருக்கேன். உள்ள ஒருத்தர் கியர் மாத்திக்கிட்டே இருக்கார், அஞ்சாவது கியர் வரைக்கும் போறார்.

— மழுப்பாதீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?

— என்ன நடந்துச்சா? உங்க ஆஸ்பத்திரியில எடை பாக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்களே, அவங்க மெஷின்ல ஏறி நின்னேன். "நூத்தி ஏழூஊ"ன்னு ஒரு குரல் குடுத்தாங்க பாருங்க. சந்தையில மாடு விலை போன மாதிரி. எழுதறவங்க அந்தக் கோடியில, இவங்க இந்தக் கோடியில, நடுவுல நாப்பது பொம்பளைங்க. ஒருத்தர் பாக்கியில்லாம திரும்பிப் பாத்தாங்க. உள்ள போனா டாக்டர் என் முகத்தைக்கூட பாக்கலை. "வாயைக் கட்டணும்"னு சீட்டைப் பாத்துச் சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

— அடக் கடவுளே.

— பதினாறு டன் வண்டியைச் சந்தைக் கூட்டத்துக்குள்ள ஒரு கீறல் இல்லாம ஓட்டறவ நான். அன்னைக்கு அந்த வராந்தாவைத் தாண்டி வெளிய வர்றதுக்குள்ள உயிர் போயிருச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பக் கூடாதுன்னு இருந்துட்டேன். ஆனா பாருங்க, என் ரூட்டுல உங்க ஆஸ்பத்திரி வாசல்தான் எட்டாவது ஸ்டாப். ஒரு நாளைக்குப் பத்து தடவை கதவைத் திறந்து விடறேன். நான் மட்டும் இறங்கறதில்லை.

— தப்பு எங்க மேலதான். மன்னிச்சிருங்க டிரைவரம்மா. அந்த எடை மெஷினை நான் மாத்தி வச்சுட்டேன், இப்ப ரூமுக்குள்ள இருக்கு. ஆனா கேளுங்க, எங்க தப்புக்கு உங்க பிள்ளை ஏன் தண்டனை அனுபவிக்கணும்?

— என் பிள்ளைக்கு என்ன?

— ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். பெரிய உடம்புக்காரங்க எத்தனையோ பேர் ஜம்முனு பெத்துட்டுப் போறாங்க. ஆனா உடம்பு பெருசா இருந்தா, மாசமா இருக்கும்போது சர்க்கரை ஏறுறதுக்கும் பிரஷர் ஏறுறதுக்கும் வாய்ப்பு அதிகம். ஏறினாலும் வெளிய தெரியாது. வலிக்காது, காய்ச்சல் வராது. பாத்தாத்தான் தெரியும். உங்களுக்கு இந்நேரம் பாத்திருக்கணும்.

— சர்க்கரையா? எங்க வம்சத்துல சர்க்கரையெல்லாம் பேச்சுல மட்டுந்தான்.

— சரி. என் இடது கையைப் பாத்திருக்கீங்களா?

— மூணு வருஷமா கண்ணாடியில பாக்கறேன். எவ்வளவு கூட்டமா இருந்தாலும் வலது கையாலதான் கம்பியைப் பிடிப்பீங்க. இடது தோள் மேல எந்திரிக்காது. பாத்தேன், ஆனா கூவலை பாத்தீங்களா?

— இல்லை, கூவலை.

— உங்க எடை பாக்கற அம்மாவா இருந்தா மைக்கே வச்சிருப்பாங்க.

— ஐயோ, சிரிக்க வைக்காதீங்க. விஷயத்தைச் சொல்லிடறேன். நான் பிறக்கும்போது நாலு கிலோ எழுநூறு. தெருவே வந்து கொழுக்மொழுக்னு இருக்கான்னு கொஞ்சிட்டுப் போச்சாம். எங்கம்மாவும் உங்களை மாதிரி நல்ல உடம்பு. அவங்களுக்குச் சர்க்கரை இருந்திருக்கு, யாரும் பாக்கலை. தாய்க்குச் சர்க்கரை ஏறினா பிள்ளைக்கும் ஏறும், பிள்ளை உள்ளேயே பெருத்துரும், அதுவும் தோள்பட்டை. என் தலை வெளிய வந்துருச்சு, தோள் மாட்டிக்கிச்சு. இழுத்து எடுத்தாங்க. அந்த இழுப்புல நரம்பு போச்சு.

— சிஸ்டர்...

— எங்கம்மாவை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். யாராவது மரியாதையாக் கூப்பிட்டு உக்கார வச்சுப் பாத்திருந்தா அவங்க பாத்திருப்பாங்க. அதான் உங்களைக் கூப்பிட வந்திருக்கேன்.

— ...எனக்குப் புதன்கிழமை ஓய்வு. எத்தனை மணிக்கு வரணும்?

— எட்டு மணி. வெறும் வயித்தோட. சர்க்கரைத் தண்ணி நாங்க குடுப்போம், ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்போம்.

— கதவைச் சாத்திட்டுத்தான் எடை பாக்கணும்.

— சாத்திட்டுத்தான்.

— நம்பரைச் சத்தமா சொல்லக் கூடாது.

— தாள்ல எழுதி மடிச்சுத் தர்றேன், போதுமா?

— போதும். போய் சீட்டுல உக்காருங்க. நின்னுக்கிட்டு வந்தா வண்டியை எடுக்க மாட்டேன்.

*

— நீங்கதான் மாஸ்டரா? பஸ் டெப்போ கேன்டீன்ல சமைக்கறவர்?

— ஆமாம் சிஸ்டர். இவளோட வீட்டுக்காரர். இருபது வருஷமா கரண்டிதான் என் தொழிலு. இவதான் என் கேப்டன். ரத்தப் பரிசோதனைக்குப் போகணும்னு சொன்னா, நானும் ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன். என்ன நான் சொல்றது, தைரியத்துக்கு ஒரு ஆள் வேணும்ல?

— அவருக்குத் தைரியம் சொல்லத்தான் நான் கூட்டிட்டு வந்தேன் சிஸ்டர். ஊசியைப் பாத்தாலே மயங்கி விழற ஆளு. ரிசல்ட்டைச் சொல்லுங்க.

— டிரைவரம்மா, சர்க்கரை இருக்கு.

— ...எவ்வளவு?

— பயப்படற அளவுக்கு இல்லை. அடக்கிடலாம். ஆனா இன்னைக்கே ஆரம்பிக்கணும். மாஸ்டர், வீட்டுல என்ன சாப்பாடு?

— நான் என்ன குறை வைப்பேன் சிஸ்டர்? எட்டு வருஷம் கழிச்சு உண்டாகியிருக்கா. ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்ல? மூணு வேளையும் தட்டு நிறையச் சோறு. நடுவுல நெய்யில வறுத்தது, பாகுல முக்கினது, பொடியில புரட்டினது...

— சிஸ்டர், இந்த மனுஷன் அன்பைக் காட்டறதுக்கு வேற வழியே தெரியாதவர். சண்டை போட்டா ஒரு கிண்ணம் இனிப்பு. சமாதானமானா ரெண்டு கிண்ணம்.

— கேளுங்க மாஸ்டர். உள்ள இருக்கற உயிர் எவ்வளவு பெருசு தெரியுமா? ஒரு கிலோ. அதுக்கு எதுக்குத் தனியா ஒரு தட்டு சோறு?

— அப்ப நான் போட்டதெல்லாம்?

— பாதி இவங்களுக்கு, மீதி பிள்ளைக்குத் தோள்பட்டையில.

— ஐயையோ. கேப்டன், என்னை மன்னிச்சுரு.

— அழாதீங்க மாஸ்டர், எல்லாரும் பாக்கறாங்க. சிஸ்டர், அப்ப நான் பட்டினி கிடந்து பத்து கிலோ குறைச்சிரட்டுமா? வைராக்கியம்னு வந்துட்டா நான் செய்வேன்.

— அதைத்தான் செய்யவே கூடாது! இது இளைக்கற நேரம் இல்லை. பட்டினி கிடந்தா பிள்ளைக்கு ஆகாது. சோறு இருக்கட்டும், கால்வாசித் தட்டு. பாதித் தட்டுக்குக் காய், மிச்சத்துக்குப் பருப்பு, முட்டை, மீன். இனிப்பு கண்ணுலயே படக் கூடாது. மூணு வேளையும் சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடக்கணும்.

— எங்க நடக்கறது? ஒரு டிரிப் முடிஞ்சா அடுத்த டிரிப்.

— பன்னெண்டு நிமிஷம் நிக்கறீங்கல்ல? வண்டியைச் சுத்தி நடங்க.

— வண்டியைச் சுத்தியா? கோயில் சுத்தற மாதிரி?

— சோறு போடற வண்டிதானே கேப்டன், சுத்தினா என்ன தப்பு?

— இன்னொண்ணு இருக்கு. இது மீட்டர். விரல்ல ஒரு குத்து, இந்தப் பட்டையில ஒரு சொட்டு, நம்பர் வந்துரும். காலையில வெறும் வயித்துல ஒண்ணு, மூணு வேளை சாப்பாட்டுக்குப் பின்னாடி ஒவ்வொண்ணு. ஒரு நாளைக்கு நாலு. நோட்டுல எழுதிட்டு வாரா வாரம் என்கிட்டக் காட்டணும். ஆஸ்பத்திரி மீட்டர் இது, பிரசவம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரணும்.

— நாலு தடவையா குத்தணும்? என் கேப்டனுக்கு வலிக்காதா?

— வலிக்கும் மாஸ்டர். எறும்பு கடிச்ச மாதிரி.

— நான் தாங்கிக்குவேன் சிஸ்டர். அவர்தான் தாங்க மாட்டார். பாருங்க, சொல்லும்போதே கண்ணை மூடிட்டார்.

*

— டிரைவரம்மா, முழிச்சிருக்கீங்களா? தையல் வலிக்குதா?

— வலியை விடுங்க. என் பொண்ணு எங்க? பிறந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, முகத்தைக் காட்டிட்டு உள்ள எடுத்துட்டுப் போனவங்க போனவங்கதான். மாஸ்டர் கண்ணாடிக் கதவு வழியா எட்டிப் பாத்துட்டு வந்து ஒண்ணும் சொல்லாம நிக்கறார். அவர் பேசாம நின்னு நான் பாத்ததே இல்லை. எனக்கு அதான் பயமா இருக்கு.

— கேப்டன், நான்... ஒண்ணும் இல்லை. அவ கை காலெல்லாம் நடுங்குது. அதைப் பாத்துட்டேன்.

— நடுங்குதா!

— பதறாதீங்க. நான் சொல்றேன், ரெண்டு பேரும் கேளுங்க. குழந்தை பிறந்ததுமே அழுதுருச்சு, மூச்சும் நல்லா இருக்கு. ஆனா முதல் மணி நேரத்துல அவளோட சர்க்கரை இறங்கிருச்சு. முப்பத்திரெண்டு. அதான் நடுக்கம்.

— இறங்கிருச்சா? ஏறும்னுதானே சொன்னீங்க? எனக்கு ஏறினா அவளுக்கு எப்படி இறங்கும்?

— உள்ள இருந்தப்போ உங்க ரத்தத்துலேர்ந்து அவளுக்குச் சர்க்கரை போயிட்டே இருந்துச்சு. அதைச் சமாளிக்க அவ உடம்பு இன்சுலினை நிறைய சுரந்து பழகிருச்சு. இப்ப தொப்புள்கொடியை வெட்டியாச்சு. வரத்து நின்னு போச்சு. ஆனா சுரக்கறது உடனே நிக்கலை.

— ...பிரேக்கை மிதிச்சாலும் வண்டி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிக்கும்.

— அதேதான்! நான் பத்து வருஷமா இதை எப்படி விளக்கறதுன்னு தெரியாமத் திண்டாடறேன்.

— எவ்வளவு தூரம் ஓடும் சிஸ்டர்?

— முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு ஒரு நாள், ரெண்டு நாள். அதுக்குள்ள நிதானத்துக்கு வந்துரும். இப்ப அவளுக்கு உங்க பால் வேணும். மஞ்சளா, கெட்டியா, ரெண்டு ஸ்பூன் வந்தாப் போதும். எடுக்கலாமா?

— ரெண்டு ஸ்பூனா? ஒரு டேங்கரே இருக்கு, எடுங்க.

— கேப்டன், நீ சிரிச்சுட்ட. எனக்கு உயிர் வந்துச்சு.

— சிரிக்கலை மாஸ்டர். அழக் கூடாதுன்னு பாக்கறேன். சிஸ்டர், நான் எதையும் மறைக்கலையே? நோட்டுல எல்லா நம்பரும் ஒழுங்காத்தானே இருந்துச்சு? பன்னெண்டு வாரம் வண்டியைச் சுத்தினேனே. டெப்போவுல என்னைச் செக்குமாடுன்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.

— நோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நம்பர் சரியா இருந்தாலும் சில குழந்தைக்கு இப்படி வரும். நீங்க மட்டும் அன்னைக்கு வராம இருந்திருந்தா, இந்தப் பொண்ணு என்ன எடை இருந்திருப்பான்னு நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு. கடைசி வாரம் உங்களுக்கு பிரஷர் ஏறினதையும் கண்டுபிடிச்சதாலதான் நேரத்தோட ஆபரேஷன் பண்ணோம்.

— இப்ப அவ எடை என்ன?

— மூணு கிலோ...

— கூவாதீங்க!

— தாள்ல எழுதி மடிச்சுத் தரவா?

— வேண்டாம், காதுல சொல்லுங்க.

— மூணு கிலோ எண்ணூறு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித்தான் அழறா டிரைவரம்மா. ரெண்டு கையையும். நானே பக்கத்துல நின்னு பாத்தேன்.

— சிஸ்டர், இங்க வாங்க. குனிங்க. ஒரு முத்தம் குடுத்துக்கறேன். தையலோட என்னால எந்திரிக்க முடியலை.

— சிஸ்டர், அந்த ஸ்பூனைக் குடுங்க, நானே பிடிச்சுக்கிட்டு வர்றேன். இருபது வருஷமா கரண்டி பிடிச்ச கை. ஒரு சொட்டு சிந்தாது.

*

— வாங்க, வாங்க! ஆறு வாரம் அதுக்குள்ள ஓடிப் போச்சா? எங்க என் குண்டுப் பாப்பா?

— அப்படிக் கூப்பிடாதீங்க சிஸ்டர். கேப்டனோட பொண்ணு, ஜூனியர் கேப்டன்னு மாஸ்டர் பேர் வச்சுட்டார். பாருங்க, தூக்கத்துலயும் உதட்டைக் குவிச்சு ஹாரன் அடிக்கறா.

— அவர் வரலையா?

— வந்திருக்கார். வராந்தாவுல தண்ணி குடிக்கப் போயிருக்கார். எங்க போனாலும் முதல்ல தண்ணிதான் தேடறார், ராஜகுமாரியைத் தூக்கற வேலை அவ்வளவு கஷ்டமாம். நான் சாப்பாட்டைக் குறைச்சேன், அவர் இளைச்சுட்டார். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சா பஸ்ஸும் பஸ் ஸ்டாப்புக் கம்பமும் மாதிரி இருக்கோம்னு டெப்போவுல சிரிக்கறாங்க.

— முதல்ல நல்ல சேதி. காலையில லேப்ல குடுத்த உங்க ரத்தம் பாத்தாச்சு. சர்க்கரை இல்லை.

— இல்லையா? போயே போச்சா?

— இப்போதைக்குப் போயாச்சு. ஆனா திரும்பி வரக்கூடிய விருந்தாளி. வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கணும். நடையை விடக் கூடாது, பாலை நிறுத்தக் கூடாது. அது அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

— விடவே மாட்டேன். அடுத்த மாசம் வண்டி எடுக்கறேன்ல, சுத்து மறுபடியும் ஆரம்பம். இந்தாங்க உங்க மீட்டர். தொடச்சுக் கொண்டு வந்திருக்கேன்.

— நல்லதாப் போச்சு. இன்னொரு அம்மா இதுக்காகவே காத்துட்டு இருக்காங்க. பழைய நம்பரை எல்லாம் அழிச்சுட்டுக் குடுத்துரலாம். ஒரு நிமிஷம்... இது என்ன?

— என்ன?

— டிரைவரம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை குத்தினீங்க?

— நாலு. நீங்க சொன்ன நாலு.

— இதுல அஞ்சு இருக்கே.

— அஞ்சா? இருக்காதே.

— தினமும் அஞ்சு. பாருங்க, காலையில அஞ்சு மணி பத்து நிமிஷம், எண்பத்தெட்டு. அதே நாள் அஞ்சு இருபத்தஞ்சு, இருநூத்தி அறுபது. அடுத்த நாள், தொண்ணூத்தி ஒண்ணு. கால் மணி நேரம் கழிச்சு இருநூத்தி எண்பது. அதுக்கும் அடுத்த நாள் இருநூத்தி எழுபத்தி நாலு.

— எனக்கு ஒரு நாளும் நூத்தி நாப்பதைத் தாண்டினதே இல்லை சிஸ்டர். நோட்டைப் பாருங்க.

— நோட்டுல இல்லைதான். அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த நம்பரை எல்லாம் நோட்டுல ஏன் எழுதலை?

— என்ன கேக்கறீங்க? நான் மறைச்சேன்னா?

— டிரைவரம்மா, நான் உங்களைத் திட்டலை. ஆனா குழந்தைக்கு அன்னைக்கு அவ்வளவு இறங்கினது ஏன்னு எனக்கு மனசுல ஒரு கேள்வி இருந்துக்கிட்டே இருந்துச்சு. காலையில எந்திரிச்சதும் ஏதாவது இனிப்பு...

— சிஸ்டர்! இதோ என் மடியில தூங்கற இவ மேல சத்தியம். காலையில ஒரு குத்து, நம்பரை எழுதிட்டு நான் குளிக்கப் போயிருவேன். ஆறு மணிக்கு டெப்போவுல இருக்கணும். வீட்டுல பச்சைத் தண்ணியைத் தவிர எதுவும் தொட மாட்டேன். எல்லாரும் என் உடம்பைப் பாத்துட்டு நான் சொல்றதை நம்ப மாட்டாங்க, அது எனக்குப் பழக்கம். நீங்களுமா?

— நான் நம்பணும்னுதான் பாக்கறேன். மீட்டர் பொய் சொல்லாதே டிரைவரம்மா. தொண்ணூறுல இருக்கற சர்க்கரை ஒண்ணும் சாப்பிடாம கால் மணி நேரத்துல இருநூத்தி எண்பதுக்குப் போகாது. மனுஷ உடம்புல அது நடக்கவே நடக்காது.

— அப்ப இது யார் ரத்தம்? பேயா வந்து குத்திட்டுப் போச்சு?

— என்ன ரெண்டு பேரும் சத்தம் போடறீங்க? பாப்பா எந்திரிச்சுருவா. வராந்தாவுல தண்ணி நல்லா ஜில்லுனு இருக்கு சிஸ்டர், மூணு டம்ளர் குடிச்சேன்.

— மாஸ்டர், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த மீட்டர்ல தினமும் காலையில அஞ்சு இருபத்தஞ்சுக்கு ஒரு நம்பர் இருக்கு, இருநூத்தி எண்பது வரைக்கும். நான் குளிச்சுட்டு இருக்கற நேரம். சிஸ்டர் நான் மறைச்சேன்னு சொல்றாங்க. வீட்டுல யாராவது வந்தாங்களா? பக்கத்து வீட்டுக்காரங்க யாராவது எடுத்துப் பாத்தாங்களா?

— ஓ, அதுவா? அது... என்ன நான் சொல்றது... சொன்னா நீ திட்டுவ கேப்டன்.

— சொல்லுங்க மாஸ்டர். எனக்கும் தெரியணும்.

— அந்த அஞ்சாவது என்னுது சிஸ்டர். ஊசி புதுசுதான் போட்டேன், சத்தியமா. பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே, குத்து மட்டும் அவளுக்கு ஒருத்திக்குன்னா மனசு கேக்கலை. அதான் அவ குளிக்கப் போனதும் கண்ணை மூடிக்கிட்டு நானும் தினம் ஒரு சொட்டு குடுத்தேன். நம்பரையெல்லாம் நான் பாக்கலை, எனக்கா பிரசவம்... ஏன் ரெண்டு பேரும் என்னை அப்படிப் பாக்கறீங்க? இருநூத்தி எண்பதுன்னா நல்ல மார்க்குத்தானே?